காய்கிறது

முதலில் மாட்டியது பிஸ்கட் டப்பா.
ஒரே ராத்திரியில் அதன்மேல் கசகசாப் பூக்கள்.
அடுத்து தபால்பெட்டி, பூவாளி,
வெங்காயக் கூடை, காலி பாட்டில்கள்,
பிறகு கழிப்பறை இருக்கையின் மூடி:
லாவெண்டர்.
உட்காரவே கூச்சமாக இருந்தது எனக்கு.

"ஓரிடத்தில் அசையாமல் நிற்காதே"
என்றாள் எதிர்வீட்டு வெல்த்தா,
"உன்மேலும் ஒட்டிவிடுவாள் ஸ்மைடா."

லியபாயாவில் நவம்பர்.
கடல்காற்று ஜன்னல் சட்டத்தைக் கடித்துப் பார்க்கும்.
நாலு மணிக்கே இருட்டு.
சமையல் மேசையில் விளக்கு, நகம்வெட்டும் கத்தரி,
கிண்ணத்தில் தண்ணீர் கலந்த பசை.
விருந்துக்கு வாங்கும் வண்ண டிஷ்யூவில்
மூன்று அடுக்கு உண்டென்று
இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியாது.
நகத்தால் கீறி அடியிரண்டையும் உரித்தெறிவாள்.
மிஞ்சுவது வண்ணம் மட்டும்.
மூச்சுப் பட்டால் பறந்துவிடும்;
அதனால் பேசமாட்டாள்.
எனக்கும் அது வசதியாயிருந்தது.

ஏனென்றால்
கம்பி ஆலையில் என் வேலை போயிருந்தது.
கடிதத்தை எட்டாக மடித்து
பழைய பூட்ஸின் நுனியில் திணித்துவிட்டு
வழக்கம்போல் ஆறே முக்காலுக்கு டிராம் ஏறினேன்.
கடைசி நிறுத்தம் வரை போனேன். திரும்பினேன்.
மறுபடியும் போனேன்.
ஓட்டுகிற பெண் மூன்றாம் நாள் தலையசைத்தாள்.
ஒன்பதாம் நாள் தன் தெர்மோஸிலிருந்து
காபி ஊற்றினாள், ஏதும் கேட்காமல்.

மதியம் கால்வாய்ப் பாலத்தில்
தூண்டில்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று
சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன்:
கறுப்பு ரொட்டி, புகைபோட்ட மீன், ஊறிய வெள்ளரி.
வேலைக்குப் போகிறவனுக்குக் கட்டியது
போகாதவன் வாயில் எப்படி இருக்கும்?
நன்றாகவே இருந்தது.
அதுதான் கஷ்டம்.

வீட்டில் அவள் ஒட்டிக்கொண்டே இருந்தாள்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு விசிறியாகத் தூரிகை;
சிக்கிய காற்றைக் கொப்புளம் கொப்புளமாக விரட்டுவாள்.
காய்ந்ததும் வார்னிஷ். உப்புத்தாள். மறுபடி வார்னிஷ்.
கண்ணை மூடி விரலை ஓட்டுவாள்.
பூ எங்கே முடிகிறது
தகரம் எங்கே தொடங்குகிறது
என்று விரலுக்குத் தெரிந்தால்
இன்னொரு பூச்சு.

ஒரு திங்கட்கிழமை என் டப்பாவைக் காணோம்.
"காய்கிறது" என்றாள்.
ரொட்டியைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தாள்.
செவ்வாயும் காய்ந்தது. புதனும்.
வாரம் முழுக்கக் காய்ந்தது.

அடுத்த திங்கள் கையில் கொடுத்தாள்.
டிராமில் மடியில் வைத்துப் பார்த்தேன்.
சுற்றிலும் சிட்டுக்குருவிகள், நீல ஆளிப்பூ.
இறக்கைகளின் இடுக்கில்
தட்டச்செழுத்து.
ஒரு குருவியின் அலகில் 'வருந்து'.
இன்னொன்றின் வாலுக்கப்பால் 'கிறோம்'.
ஆலை முத்திரை பாதி;
மறுபாதியில் ஒரு காளான் முளைத்திருந்தது.
எட்டாக மடித்த தடம்கூட இல்லை,
இஸ்திரி போட்டிருக்கிறாள்.
இல்க்வார்ஸ் என்ற பெயரை மட்டும்
எதுவும் மூடவில்லை.
ஒவ்வொரு எழுத்தின் வளைவோடும்
கத்தரி மெல்லப் போயிருந்தது.

ஒரு பூச்சு காய ஓர் இரவு.
எண்ணினேன்.
அத்தனை இரவும் பக்கத்தில் படுத்து
"விளக்கை அணை" என்பதற்கு மேல்
ஒரு சொல் இல்லை.

கண்ணை மூடி விரலை ஓட்டினேன்.
காகிதத்தின் ஓரம் அகப்படவில்லை.

பசி வரவில்லை, ஆனாலும் திறந்தேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
துடைத்து வைத்த தகரம்.

ஓட்டுகிற பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.
நடுவழியில் நான் இறங்குவது
அவளுக்கும் புதிது.

வீட்டில் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது நாற்காலி.
ஸ்மைடா நிமிரவில்லை.
"இந்தக் காலைப் பிடி" என்றாள், "ஆடுகிறது."